சொல்லிவிட்டு மலையேறுங்கள்

ஸ்காட்லாந்தின் மலைமுகடுகளில் தனியாக நடக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



நீங்கள் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் டண்டியிலும் படிக்க வந்திருக்கிறீர்கள். சிலர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறீர்கள். சிலர் ஐந்து நாளும் திரைக்கு முன் உட்கார்ந்திருந்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை முதுகுப்பையைத் தூக்குகிறீர்கள். உங்களில் பலர் இப்போது தனியாகவே மலைக்குப் போகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கூட வருகிறேன் என்ற நண்பர் கடைசி நேரத்தில் கைவிட்டதால் தனியாகப் போனவர் உண்டு. தனிமை வேண்டுமென்றே போகிறவரும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

தனியாகப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அதைச் சொல்ல உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். நானும் பெரும்பாலும் தனியாக நடக்கிறவன்தான். இந்த நாட்டின் சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் மலைமேல் நடக்கும் உரிமையைத் தந்திருக்கிறது, அது தனியார் நிலமாக இருந்தாலும். நம் ஊரில் மலையேற வனத்துறை அனுமதி வேண்டும், வழிகாட்டி வேண்டும். 2018இல் குரங்கணியில் தீ பரவி உயிர்கள் போன பிறகு அந்தக் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. இங்கே அனுமதிச் சீட்டு கிடையாது. மலையடிவாரத்தில் பெயர் எழுதும் நோட்டு கிடையாது. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கேட்க ஒரு காவலர்கூடக் கிடையாது. கேட்க ஆளில்லாத இடத்தில் நாமாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நீங்கள் சொல்வதில்லை. என் வருத்தம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

அந்த நடையின் அருமை தெரியாமல் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கிளென் ஷீல் பள்ளத்தாக்கின் தெற்கே நிற்கும் நீண்ட முகட்டை எடுத்துக்கொள்வோம். உங்களில் பலர் அடுத்துப் போகத் திட்டமிடுவது அதுதான். குளூனி விடுதிக்குப் பக்கத்தில் தொடங்கி, பழைய டொம்டவுன் சாலையைப் பிடித்துத் தெற்கே நடக்கிறீர்கள். அணை கட்டி லாய்ன் ஏரி பெருத்தபோது அந்தச் சாலையின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது; மிச்சமிருப்பதில் இன்று வாகனப் போக்குவரத்து இல்லை. அதிலிருந்து பிரிந்து ஏறும் வேட்டைக்காரர்களின் ஒற்றையடிப் பாதை உங்களை கிரேக் அ வைம் என்ற முதல் சிகரத்தில் கொண்டுபோய் விடும். அதையும் சேர்த்து மேற்கே வரிசையாக ஏழு சிகரங்கள், ஏழும் மன்ரோ. 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை ஹ்யூ மன்ரோ 1891இல் பட்டியலிட்டார். இன்று அதில் 282 மலைகள் இருக்கின்றன. ஒரே நாளில், ஒரே முகட்டில், தரைக்கு இறங்காமலே ஏழைத் தொட முடிவது இந்த நாட்டில் அரிது.

அந்த ஏழில் மூன்றாவது, ஊனக் எர் ஹ்ரி. 1,021 மீட்டர், இந்த வரிசையில் அதுதான் உயரம். அதைத் தாண்டிய பிறகு முகடு ஒடுங்கிக் கல்லாகிறது. கையும் ஊன்ற வேண்டிய இடங்கள் வரும். வடக்கே பனியாறு குடைந்துவிட்டுப் போன கிண்ணப் பள்ளங்கள், அவற்றின் விளிம்பில் கரும்பாறை. தெற்கே புல் மூடிய நெடுஞ்சரிவு. காலையில் பள்ளத்தாக்கை மேகம் நிறைத்து, நீங்கள் அதற்கு மேலே வெயிலில் நடக்கும் பேறு சில நாட்களில் வாய்க்கும். சூரியன் முதுகில் அடிக்க, கீழே மேகத்தின் மீது உங்கள் நிழல் விழும். அந்த நிழலின் தலையைச் சுற்றி நிறம் நிறமாக ஒளிவட்டம் தெரியும். பக்கத்தில் ஒருவர் நின்றாலும் அவர் தம் தலையைச் சுற்றித்தான் வட்டத்தைக் காண்பார், உங்கள் தலையைச் சுற்றி அல்ல. சி.டி.ஆர். வில்சன் என்ற ஸ்காட்லாந்து இயற்பியலாளர் 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் உச்சியில் இருந்த வானிலை ஆய்வுக்கூடத்தில் தங்கியிருந்தபோது இதைப் போன்ற காட்சிகளைக் கண்டார். மேகத்தைச் சோதனைச்சாலைக்குள் உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்தது. அந்த ஆசையிலிருந்து மேகக்கூடம் வந்தது. அணுத்துகள்களின் தடத்தை மனிதன் முதலில் கண்ணால் கண்டது அதில்தான். 1927இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மலைமேல் தனியாகக் கழியும் நாட்கள் வீண் என்பவரிடம் நீங்கள் இதைச் சொல்லலாம்.

தனியாக நடக்கும்போது வேறு ஒன்றும் நடக்கிறது. பேச ஆள் இல்லாததால் காது திறந்துகொள்கிறது. காற்று திசை மாறுவது, கீழே ஓடையின் இரைச்சல் கூடுவது, காலடிக் கல்லின் ஒலி ஈரத்தில் மாறுவது எல்லாம் கேட்கும். எப்போது சாப்பிடுவது, எங்கே உட்காருவது, எதைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நிற்பது எல்லாம் உங்கள் இஷ்டம். வெளிநாட்டில் வந்து வாழும் நமக்கு, விசா தேதியும் வாடகையும் ஷிஃப்டும் முடிவு செய்யும் வாரத்தில், முழுக்க நாமே முடிவு செய்யும் ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அந்த நாளை உங்களிடமிருந்து பிடுங்க எனக்கு மனம் வராது.

ஆனால் முடிவு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது என்றால், தவறினால் அதைப் பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை என்றுதான் பொருள். மலைச்சரிவில் இதன் விலை குறைவு. வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி இறங்கிவிடலாம். முகடு அப்படிப்பட்டதில்லை. கோட்டை மதில்மேல் நடப்பவன் படி இருக்கும் இடத்தில்தான் இறங்க முடியும். முகட்டில் நடப்பவரும் அப்படித்தான். கிளென் ஷீல் முகட்டில் ஏழு சிகரங்களுக்கு நடுவே ஆறு கணவாய்கள் இருக்கின்றன. எல்லாக் கணவாயிலும் வடக்கே இறங்க முடியாது. நான்காவது சிகரமான மூல் ஹின் ஜெரக்கிலிருந்து வடக்கே நீளும் கிளைமுகட்டில் நல்ல பாதை இருக்கிறது. அது உங்களை நேராக நெடுஞ்சாலையில் இறக்கிவிடும். அதைத் தவறவிட்டால் அடுத்த நல்ல இறக்கத்துக்கு வெகுதூரம் போக வேண்டும். தெற்கே புல்சரிவு சுலபமாகத் தெரிகிறதே என்று மேகமூட்டத்தில் இறங்கினால், குவாய்க் ஏரியை நோக்கிப் போகும் ஆளில்லாத பள்ளத்தாக்கில் நிற்பீர்கள். அங்கே இரவு கழிந்தால் யார் கண்ணிலும் படமாட்டீர்கள். சாலை வழியாக குளூனிக்குத் திரும்ப மலையைச் சுற்றிப் பல பத்துக் கிலோமீட்டர் போக வேண்டும். ஒரே முகடுதான், வலப்பக்கம் இறங்கினால் பேருந்து வரும் சாலை, இடப்பக்கம் இறங்கினால் வனாந்தரம். மேகத்துக்குள் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

இப்போது என் மனக்குறையைச் சொல்கிறேன்.

ஒரு கோடைக்கால ஞாயிறு இரவு, பதினொரு மணிக்கு மேல், எனக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன் வந்தது. யாரோ யாருக்கோ சொல்லி, இன்வெர்னெஸ் பக்கம் ஒரு தமிழ்க்காரர் மலையேறுவாராம் என்று என் எண்ணைத் தேடிப்பிடித்திருக்கிறார்கள். பேசியவர் ஒரு தாய். "தம்பி, எம் பையன் காலையிலேர்ந்து போன் எடுக்கலைப்பா. மலைக்குப் போறேன்னு ஃப்ரெண்டுகிட்ட சொன்னானாம். எந்த மலைன்னு யாருக்கும் தெரியலை." அங்கே விடியப் போகிற நேரம் அது. இரவு முழுக்க அவர் தூங்கவில்லை. பையனோடு ஒரே வீட்டில் குடியிருந்த நண்பர்களைப் பிடித்தேன். ஒருவர் ஸ்கை தீவு என்றார்; இன்னொருவர் கிளென்கோ என்றார்; ஏதோ "ரிட்ஜ்" என்று சொன்னதாக மூன்றாமவருக்கு நினைவு. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் எத்தனை மலை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். போலீஸை அழைத்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எங்கிருந்து கிளம்பினார், எந்த வழி, எந்த நேரம் என்பது. ஒன்றுக்குக்கூட எங்களிடம் பதில் இல்லை. பையன் விடியற்காலை பத்திரமாகச் சாலைக்கு இறங்கி வந்துவிட்டான். மேகத்தில் வழி தெரியாமல், ஒரு பாறையின் மறைவில் உட்கார்ந்து வெளிச்சம் வரக் காத்திருந்திருக்கிறான். அவன் செய்ததில் அது ஒன்று சரியான காரியம். கால் முறிந்து கிடந்திருந்தால் அவனைத் தேடி எந்தப் பள்ளத்தாக்குக்கு ஆள் அனுப்பியிருப்போம்?

அந்தத் தாயிடம் மறுநாள் பேசினேன். "ரூம்ல படிச்சிட்டிருக்கேன்னுதாம்பா எப்பவும் சொல்லுவான்" என்றார். உங்களில் எத்தனை பேர் இதையே சொல்கிறீர்கள்? அம்மா பயப்படுவார் என்று மறைக்கிறீர்கள். இறங்கிய பிறகு உச்சியில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் போடுகிறீர்கள். அம்மாவுக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை; அது உங்கள் வீட்டு விஷயம். அவருக்குத் தெரிந்தாலும் மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ 999ஐ அழைக்க அவரால் முடியாது. அந்த எண் இந்த நாட்டுக்குள்தான் வேலை செய்யும். ஆகவே உங்களுக்காகக் காத்திருக்கும் ஆள் ஒருவர் இங்கேயே, இந்தத் தீவிலேயே இருந்தாக வேண்டும். முழு வழியும் அவர் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்ன ஊர்ப்பெயர் இரவு பதினொரு மணிக்குக் காற்றில் போய்விடுகிறது. மேலே சொன்ன நண்பர்களுக்கு நடந்தது அதுதான்.

உங்களைத் தேடி வருபவர்கள் யார் என்று யோசித்திருக்கிறீர்களா? கிளென் ஷீல் முகட்டில் நீங்கள் காணாமல் போனால் போலீஸ் முதலில் அழைப்பது கின்டெயில் மலை மீட்புக் குழுவை. அவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர். தொழில் வேறு, குடும்பம் வேறு இருக்கும் உள்ளூர்க்காரர்கள். மணி அடித்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு இருட்டிலும் மழையிலும் மலையேறுகிறார்கள். உங்களிடமிருந்து ஒரு பைசா வாங்கமாட்டார்கள். கடற்காவல் படையின் ஹெலிகாப்டர் வரும், மேகம் இறங்கியிருந்தால் அதனால் முகட்டை நெருங்க முடியாது. அப்போது எல்லாம் மனிதர் காலில்தான். ஹேமிஷ் மக்இன்ஸ் 1960களின் தொடக்கத்தில் கிளென்கோவில் மீட்புக் குழுவை அமைத்தவர். மடக்கிக் கொண்டுபோகும் தூக்குப்படுக்கையை வடிவமைத்தவர். தேடும் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அமைப்பையும் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்றும் அதே மனத்தோடு மலையேறுகிறார்கள். நாம் இந்த நாட்டுக்கு வந்தவர்கள், அவர்கள் நம் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள். ஆனாலும் நமக்காக வருகிறார்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்தால் பத்துப் பேர் போதும். தெரியாவிட்டால் முகட்டின் இரண்டு பக்கமும், எல்லாக் கிண்ணப் பள்ளங்களும், வழுக்கும் பாறை விளிம்புகளும். நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு காகிதத்துக்காக இன்னொருவர் இருட்டில் கால் வழுக்கி விழக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

அடுத்து, உங்களை அவசரப்படுத்துபவை இரண்டு. அவற்றையும் பேசியாக வேண்டும்.

ஒன்று, கடைசிப் பேருந்து. கார் இல்லாத நீங்கள் ஸ்கை தீவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே ஓடும் பேருந்தை நம்பி வருகிறீர்கள். அது கிளென் ஷீல் சாலை வழியாகத்தான் போகிறது, ஆனால் நாளொன்றுக்குச் சில முறைதான். ஐந்தாவது சிகரத்தில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். திங்கட்கிழமை காலை வகுப்பு, அல்லது ஷிஃப்ட். கீழே சாலை தெரிகிறது. கைக்கெட்டும் தூரம்போல் இருக்கிறது. பாதையை விட்டுவிட்டு நேராகக் கிண்ணப் பள்ளத்துக்குள் இறங்கத் தோன்றும். மேலிருந்து பார்த்தால் புல்; நடுவழியில் போன பிறகுதான் கீழே பாறை செங்குத்தாக வெட்டிக்கொண்டு போவது தெரியும். அதையும் தாண்டினால் மழைக்குப் பெருகிய ஓடை. காலையில் கல்மேல் தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு ஓடும். நெடுஞ்சாலைப் பேருந்துக்காக இறங்கும் வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முந்தின மாலையே வந்து கூடாரம் அடியுங்கள். சட்டம் அதற்கும் இடம் தருகிறது. மறுநாள் இரவும் தங்குவதாகவே திட்டமிடுங்கள். விடுப்பு கிடைக்காத வாரத்தில் ஏழு சிகர முகடு வேண்டாம். இரண்டு சிகரத்தோடு முடியும் மலைகள் நிறையவே உள்ளன.

இரண்டாவது, எண்ணிக்கை. 282 என்ற எண் உங்களைத் துரத்துகிறது. நான் இதைக் குறை சொல்லவில்லை. பட்டியல் ஒன்று இல்லாவிட்டால் நம்மில் பலர் பாதி மலைகளின் பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டோம். ஆனாலும் அந்தப் பட்டியலை எழுதிய மன்ரோவே அதை முடிக்காமல்தான் 1919இல் இறந்தார். ஸ்கையில் இருக்கும் செங்குத்துப் பாறைச் சிகரம் ஒன்று கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. அதனால் அவர் மலைக்காரர் இல்லையென்று யாரும் சொன்னதில்லை. முதலில் முடித்ததாகப் பெயர்பெற்ற பாதிரியார் ஏ.ஈ. ராபர்ட்சன் 1901இல் தம் கடைசி மலையாகத் தொட்டது ஊனக் ஈகக் முகட்டில் இருக்கும் மீல் ஜெரக்கை. ஏழில் நான்கோடு இறங்கினால் மூன்று மிச்சம் இருக்கும், அவ்வளவுதான். மலை எங்கேயும் போகாது.

ஊனக் ஈகக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கிளென்கோவில் இருக்கும் அந்த முகட்டின் படங்களைப் பார்த்துவிட்டு, முதல் தனிநடையாக அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் உங்களில் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கிழக்கே அம் போடக்கிலிருந்து இறங்கி முகட்டில் கால் வைத்த பிறகு, மேற்கே ஸ்டோப் கொர லேயை அடையும்வரை இரண்டு பக்கமும் பத்திரமாக இறங்க வழியே இல்லை. அங்கே நடப்பதைவிடக் கையால் பிடித்து ஏறி இறங்குவதே அதிகம். முடித்துவிட்டு மேற்கே கிளஹைக் விடுதியைப் பார்த்தபடி நேராக இறங்கும் பாதை ஒன்று தெரியும்; அதை ஒட்டிய ஆழமான பிளவு பல உயிர்களைப் பறித்திருக்கிறது. சுற்றுவழியில் இறங்குங்கள். ஸ்கையின் கூலின் முகடு இன்னும் ஒரு படி மேல். அங்கே பாறையிலேயே காந்தத் தன்மை இருப்பதால் காம்பஸ் முள் பொய் சொல்லும். அந்த முகடுகளுக்கு முதலில் தெரிந்தவரோடு போங்கள். தனியாகப் போக ஆசை இருந்தால் கிளென் ஷீலிலும் மாமோர் மலைகளிலும் பழகிவிட்டு, பல பருவம் கழித்துப் போங்கள்.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய வழி இருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணிநேரம். கிளென் ஷீல் முகட்டை 25 கிலோமீட்டர், ஏற்றம் 1,800 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் எட்டு மணிநேரம் வரும். அது நிற்காமல், உட்காராமல், சாப்பிடாமல், காற்று எதிர்க்காமல் நடப்பவருக்கு. உங்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஜூனில் அங்கே பதினேழு மணிநேரத்துக்கு மேல் பகல், தாங்கும். டிசம்பரில் ஏழு மணிநேரம்கூடப் பகல் கிடையாது; கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது. குளிர்காலத்தில் அதே முகடு வேறு முகடு. வடக்கு விளிம்பில் பனி வெளியே நீண்டு தொங்கும், மேலிருந்து பார்த்தால் தரைபோலத் தெரியும். பனிச்சரிவு எச்சரிக்கை தரும் ஸ்காட்லாந்து நிறுவனம் ஆறு பகுதிகளுக்குத்தான் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. கிளென் ஷீல் அந்த ஆறில் இல்லை. பனிக்கோடரியும் கிராம்பானும் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாமல் அங்கே தனியாகப் போவதை எந்த மலைக்காரரும் ஒப்பமாட்டார். நானும் ஒப்பவில்லை.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அடுத்த முறை கிளம்புமுன் ஒரு காகிதம் எடுத்து எழுதுங்கள். கட்டுரை வேண்டாம். இப்படி இருந்தால் போதும்: "சனிக்கிழமை காலை 6 மணிக்கு குளூனி விடுதியிலிருந்து கிளம்பி தெற்கு கிளென் ஷீல் முகட்டில் கிழக்கிலிருந்து மேற்காக நடக்கிறேன். பகல் 1 மணிக்குள் நான்காவது சிகரமான மூல் ஹின் ஜெரக்கை அடையாவிட்டால், அல்லது அங்கே மேகம் இறங்கியிருந்தால், வடக்குக் கிளைமுகட்டில் இறங்கிவிடுவேன். அடைந்துவிட்டால் கடைசிவரை போய், மேற்கே கணவாய்ப் பாதையில் சாலைக்கு இறங்குவேன். தெற்குப் பக்கம் எந்தக் காரணத்துக்கும் இறங்கமாட்டேன். சிவப்பு ஜாக்கெட், நீலப் பை. இரவு 9 மணிக்குள் உனக்குச் செய்தி வரும். 11 மணிவரை வராவிட்டால் 999ஐ அழைத்து முதலில் போலீஸ் கேள், பிறகு மலை மீட்பு என்று சொல், இந்தக் காகிதத்தைப் படி." சிகரப் பெயர்களை வரைபடத்தில் உள்ள எழுத்திலேயே எழுதுங்கள், நம் உச்சரிப்பில் வேண்டாம், படிப்பவர் போலீஸுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் இந்த முகடு 33ஆம் எண் தாளில் இருக்கிறது. அந்தத் தாளும் காம்பஸும் உங்கள் பையில் இருக்க வேண்டும். போன் ஈரத்திலும் குளிரிலும் செத்துப்போகும்.

அந்தக் காகிதம் உங்களையும் கட்டும். மேலே நின்று களைத்த மூளையோடு யோசிப்பதைவிட, முந்தின இரவு சூடான அறையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து எழுதிய முடிவு நல்ல முடிவு. ஒரு மணி ஆகி, மேகம் இறங்கி, இன்னும் மூன்று சிகரம்தானே என்று மனம் இழுக்கும்போது, காகிதத்தில் எழுதியதை மீறினால் காத்திருப்பவர் தவறான இடத்துக்கு ஆள் அனுப்புவார் என்ற நினைப்பு உங்களைக் கிளைமுகட்டுப் பக்கம் திருப்பும். எனக்கு அது பல முறை நடந்திருக்கிறது. இறங்கி வந்த அந்த மாலைகளில் ஒன்றைக்கூட நான் நொந்துகொண்டதில்லை.

இன்னும் சிலவற்றை இன்றே செய்துவிடலாம். உங்கள் போனிலிருந்து 999க்கு ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர் என்ற சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலின்படி பதிந்துகொள்ளுங்கள். பேச்சுக்குப் போதாத சிக்னலிலும் குறுஞ்செய்தி போய்ச் சேரக்கூடும். ஹெட்டார்ச்சும் விசிலும் கோடையிலும் பையில் இருக்கட்டும்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒளி அல்லது ஒலி, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. இறங்கியதும் சோறு தேடுவதற்கு முன் செய்தி அனுப்புங்கள். நீங்கள் விடுதியில் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது மீட்புக் குழு மலையேறத் தொடங்கினால், அந்த அவமரியாதையை எந்த நன்றியாலும் சரிசெய்ய முடியாது.

மூத்தவர்களே, பல வருடமாக இங்கே இருந்து மலைகளை அறிந்தவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் காத்திருக்கும் ஆள் இல்லை என்பதுதான் உண்மை நிலவரம். அவர்களோடு அறையில் இருப்பவரும் புதியவர். மலை தெரியாது, யாரை அழைப்பது என்று தெரியாது, அழைத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று பயப்படுகிறார். மீட்பைக் கேட்பதால் யாருக்கும் எந்தச் சிக்கலும் வராது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் சித்திரைக்கும் கூடுகின்றன. அடுத்த கூட்டத்தில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். வார இறுதியில் போனை அணைக்காமல் வைத்திருக்க ஒப்புக்கொள்பவர்களின் பெயரையும் எண்ணையும் எழுதி, மலைக்குப் போகும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்ததா என்று பார்த்தால் போதும். மலையேறத் தெரிய வேண்டியதில்லை. கடிகாரம் பார்க்கத் தெரிந்து, 999ஐத் தயங்காமல் அழைக்கத் துணிந்தால் போதும். என் பெயரை அந்தப் பட்டியலில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இளையவர்களே, அடுத்த சனிக்கிழமைக்கு எந்த முகடு என்று இப்போதே மனதில் வைத்திருப்பீர்கள். இன்றிரவு வரைபடத்தை விரித்து, அதில் எங்கே இறங்க முடியும், எங்கே முடியாது என்று பாருங்கள். காகிதத்தை எழுதுங்கள். அதை யாரிடம் கொடுக்கப் போகிறீர்களோ அந்த ஆளிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
வட ஸ்காட்லாந்தில் குடியிருக்கும் ஒரு மலைநடையன்